‘கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை’ என்று ரிப்போர்ட் வந்தால்...

கேள்வி: டாக்டர் மேடம், வணக்கம். எனக்கு 32 வயது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. மனைவி ஏற்காட்டில் வேலை பார்க்கிறார், சனி ஞாயிறு கீழே வருவார். நான்கு மாதத்துக்கு முன் சிறுநீர் போகும்போது எரிச்சலும் காலையில் லேசான கசிவும் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு பாக்கெட் மாத்திரை கொடுத்தார்கள். சரியாகி, மூன்று வாரத்தில் திரும்ப வந்துவிட்டது. அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் இரண்டு தடவை அஜித்ரோமைசின் வாங்கிச் சாப்பிட்டேன். போகவில்லை. யூரின் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) கொடுத்ததில் ‘வளர்ச்சி இல்லை’ என்று வந்தது. பிறகு ஒரு தோல் டாக்டர் சொல்லி வெளியூர் லேபுக்கு அனுப்பிய பிசிஆரில் (கிருமியின் டிஎன்ஏ-வைத் தேடும் டெஸ்ட்) ‘மைக்கோபிளாஸ்மா ஜெனிடேலியம்’ பாசிட்டிவ். எந்த மருந்து கேட்கும் என்று சென்சிட்டிவிட்டி போடச் சொன்னால், இந்தக் கிருமிக்குப் போட முடியாது என்கிறார்கள். என் மாமாவுக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்தபோது மூன்றே நாளில் இருபது மருந்துக்கு எதிரே ‘எஸ்’ (கேட்கும்), ‘ஆர்’ (கேட்காது) என்று போட்டுக் கொடுத்தார்கள். நண்பர் ஒருவருக்கு சிஃபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல். ரத்த டெஸ்ட் பாசிட்டிவ், அவருக்கும் அப்படி எதுவும் பார்க்காமல் நேராகப் பென்சிலின் ஊசி போட்டுவிட்டார்கள். இந்தப் பால்வினை நோய்களுக்கு மட்டும் ஏன் இப்படி? இப்போது இன்னொரு லேபில், ‘எங்களிடம் மைக்கோபிளாஸ்மா கல்ச்சர், சென்சிட்டிவிட்டி இரண்டும் உண்டு’ என்கிறார்கள். கொடுக்கலாமா? மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.
— பெயர் வேண்டாம், சேலம்.

பதில்:

அந்த மைக்கோபிளாஸ்மா கல்ச்சருக்குப் பணம் கட்டாதீர்கள். நீங்கள் இந்த வாரமே போய்க் கொடுத்துவிடக்கூடும் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த லேப் பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. அவர்களிடம் இருப்பது குழி குழியாக இருக்கும் ஒரு கிட். ஒவ்வொரு குழியிலும் ஒரு மருந்து இருக்கும். கிருமி வளர்ந்தால் குழியின் நிறம் மாறும், வளராவிட்டால் மாறாது. ஒன்றிரண்டு நாளில் முடிவு வந்துவிடும். ஆனால் அந்தக் கிட் யூரியாபிளாஸ்மா, மைக்கோபிளாஸ்மா ஹோமினிஸ் என்ற வேறு இரண்டு கிருமிகளுக்காகச் செய்தது. ஒன்று யூரியாவை உடைக்கும், மற்றது அர்ஜினினை உடைக்கும். நிறம் மாறுவது அதனால்தான். உங்களுக்கு இருக்கும் ஜெனிடேலியம் இந்த இரண்டையுமே தொடாது, அதற்குக் குளுக்கோஸ்தான் வேண்டும். தவிர, இரண்டு நாளில் அது எதிலுமே வளராது. ஆக அந்த ரிப்போர்ட் இரண்டு விதமாக வரலாம். ‘வளர்ச்சி இல்லை’ என்று வந்தால் கிருமி போய்விட்டது என்று நினைத்து மருந்தை விட்டுவிடுவீர்கள். ‘யூரியாபிளாஸ்மா வளர்ந்தது, இன்னின்ன மருந்து கேட்கும்’ என்று வந்தால், எந்தத் தொந்தரவும் இல்லாத ஏராளமான ஆண் பெண் உடம்பில் சும்மா குடியிருக்கும் ஒரு கிருமிக்கு மருந்து சாப்பிட ஆரம்பிப்பீர்கள். உங்கள் நோய் அப்படியே இருக்கும். இரண்டாவது வகை ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அலைகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது.

சரி, மாமாவுக்கு முடிந்தது உங்களுக்கு ஏன் முடியவில்லை? யூரின் இன்ஃபெக்‌ஷனை அதிகம் உண்டாக்குவது ஈகோலை. சாதாரண அகார் தட்டில் (கிருமி வளர்க்கும் ஜெல்லி ஊற்றிய தட்டு) பரப்பி, 35 டிகிரியில் வைத்தால் சுமார் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டாகப் பெருகும். சாயங்காலம் தட்டில் மருந்து தடவிய சின்னக் காகித வட்டுகளை வைத்துவிட்டு வந்தால், காலையில் தட்டு முழுக்கப் படலம் படர்ந்திருக்கும். கேட்கும் மருந்தைச் சுற்றி மட்டும் வெறும் வட்டம் தெரியும். ஸ்கேலை வைத்து அந்த வட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அட்டவணையில் பார்த்து ‘எஸ்’, ‘ஆர்’ என்று எழுதுகிறோம். ஆக சென்சிட்டிவிட்டி போட இரண்டு விஷயம் வேண்டும்: கிருமி நம் கையில் வளர வேண்டும், எத்தனை மில்லிமீட்டர் இருந்தால் மருந்து கேட்கும் என்று ஏற்கெனவே வகுத்துவைத்த ஒரு அளவுகோல் வேண்டும். உங்கள் கிருமிக்கு இரண்டுமே இல்லை.

மைக்கோபிளாஸ்மா ஜெனிடேலியத்தை முதன்முதலில் லண்டனில் 1980-ல் பிரித்தெடுத்தார்கள். உங்களைப் போலவே எரிச்சலும் கசிவும் இருந்த 13 ஆண்களின் மாதிரிகளை ஒரு தனி ஊடகத்தில் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு பேருடையதில்தான் வளர்ந்தது, அதுவும் பல வாரம் கழித்து. தானாக வளரக்கூடிய உயிர்களில் மிகச் சிறிய மரபணுத் தொகுதி உள்ளவற்றில் இது ஒன்று. சுமார் 5 லட்சத்து 80 ஆயிரம் டிஎன்ஏ எழுத்துகள்தான். 1995-லேயே முழுக்கப் படித்துவிட்டார்கள். ஈகோலைக்கு 46 லட்சம். இவ்வளவு சிறியதாக இருப்பதால், தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும் சக்தி இதற்குக் குறைவு. கொழுப்பு முதற்கொண்டு நம் செல்களிடமிருந்து எடுத்துக்கொண்டுதான் பிழைக்கும். செல் சுவரும் கிடையாது. உங்கள் முதல் பாக்கெட்டில் அநேகமாக இருந்திருக்கும் செஃபிக்ஸிம் மாத்திரை இதை ஒன்றும் செய்யாததற்குக் காரணம் அதுதான். பென்சிலின், அமாக்ஸிசிலின், செஃபிக்ஸிம் எல்லாம் கிருமியின் சுவர் கட்டும் வேலையைக் குலைக்கும் மருந்துகள். சுவரே இல்லாத கிருமியிடம் அவற்றுக்கு வேலை இல்லை.

அப்படியானால் யாராலும் இதை வளர்க்க முடியாதா? முடியும், ஆனால் ஆராய்ச்சிக் கூடத்தில். 1996-ல் கோபன்ஹேகனின் ஸ்டேட்டன்ஸ் சீரம் நிறுவனத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ என்ற செல்களைக் குடுவையில் உயிரோடு வளர்த்து, அவற்றோடு சேர்த்து நோயாளியின் மாதிரியைப் போடுவது. கிருமி மெல்ல மெல்லப் பெருகும். கண்ணால் பார்த்தால் எதுவும் தெரியாது, குடுவை கலங்காது. அவ்வப்போது கொஞ்சம் எடுத்து, பிசிஆர் போட்டு டிஎன்ஏ கூடியிருக்கிறதா என்று எண்ணித்தான் வளர்கிறது என்றே தெரிந்துகொள்ள முடியும். மாதங்கள் ஆகும். அதே வழியில் மருந்துப் பரிசோதனையும் 2005-ல் வந்தது. செல்களோடு கிருமியைப் போட்டு, மருந்தை ஒவ்வொரு குழியிலும் இரண்டு மடங்காகக் கூட்டிக்கொண்டே போய், சுமார் மூன்று வாரம் வைத்திருந்து, பிறகு டிஎன்ஏ-வை எண்ணுவார்கள். மருந்தே போடாத குழியோடு ஒப்பிட்டு, எந்த அளவு மருந்தில் வளர்ச்சி 99 சதவீதம் நின்றுபோகிறதோ அதுதான் அந்த மருந்தின் குறைந்தபட்சத் தடுப்பு அளவு. கிருமியைப் பிரித்தெடுக்க ஆகும் மாதங்களோடு இந்த மூன்று வாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதிரியில் வேறு கிருமி கலந்தால் செல்கள் செத்துப்போகும். நோயாளி ஏற்கெனவே ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தால் பெரும்பாலும் வளரவே வளராது. இத்தனைக்குப் பிறகு ஒரு எண் கிடைத்தாலும், அந்த எண்ணுக்கு ‘எஸ்’ போடுவதா ‘ஆர்’ போடுவதா என்று சொல்ல ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு இந்தக் கிருமிக்கு இன்னும் வகுக்கப்படவில்லை.

அதனால் உங்கள் லேப் ‘முடியாது’ என்று சொன்னது நேர்மையான பதில். உங்களை யாரும் ஏமாற்றவில்லை.

நண்பர் விஷயமும் கிட்டத்தட்ட இதே கதைதான். சிஃபிலிஸ் கிருமியை 1905-லேயே மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டார்கள். ஆனால் தட்டில் இன்றுவரை வளர்க்க முடியவில்லை. நூறு வருடத்துக்கு மேல் முயலின் விரையில் செலுத்தித்தான் உயிரோடு வைத்திருந்தார்கள். முயலின் தோல் செல்களோடு சேர்த்து, ஆக்சிஜனை 1.5 சதவீதத்துக்குக் குறைத்து, குடுவையில் தொடர்ந்து வளர்க்கும் முறை அமெரிக்காவில் 2018-ல்தான் கைகூடியது. அப்போதும் அது ஒரு தடவை இரண்டாகப் பெருக ஒரு நாளைக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ஆனால் நண்பருக்கு ஒரு பெரிய ஆறுதல் இருக்கிறது. பென்சிலினை சிஃபிலிஸுக்கு முதலில் கொடுத்தது 1943-ல். இத்தனை வருடத்தில் அந்தக் கிருமி பென்சிலினுக்கு எதிர்ப்பு வளர்த்துக்கொள்ளவே இல்லை. ஆகவே பரிசோதிக்காமல் ஊசி போட்டது சரியான வைத்தியம். வி.டி.ஆர்.எல். அளவு நான்கில் ஒன்றாகவாவது இறங்கியிருக்கிறதா என்று ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் அவர் மறக்காமல் பார்த்துக்கொள்ளட்டும்.

கிளமிடியா என்பது செல்லுக்குள் புகுந்து வாழும் இன்னொரு பால்வினைக் கிருமி. அதற்கும் தட்டு உதவாது, உயிருள்ள செல் வேண்டும். மனிதரிடம் அதில் நிலையான மருந்து எதிர்ப்பு இதுவரை உறுதியாகவில்லை என்பதால் டாக்ஸிசைக்ளினைத் தயங்காமல் கொடுக்கிறோம்.

இந்தப் பால்வினை நோய்க் கூட்டத்தில் கல்ச்சரும் சென்சிட்டிவிட்டியும் கட்டாயம் போட வேண்டியது கொனோரியாவுக்கு. அது வளரும், ஆனால் மிகவும் தொட்டாற்சுருங்கி. மாதிரி எடுத்த ஸ்வாப் (பஞ்சுக் குச்சி) காய்ந்தால் செத்துவிடும், குளிர்ந்தாலும் செத்துவிடும். சூடாக்கிய ரத்தம் கலந்த சாக்லேட் அகார் தட்டை முன்கூட்டியே வெதுவெதுப்பாக எடுத்து வைத்துக்கொண்டு, நோயாளியின் பக்கத்திலேயே ஸ்வாபைத் தட்டில் தேய்த்துவிடுவது நல்லது. அப்புறம் தட்டுகளை ஒரு ஜாடிக்குள் அடுக்கி, உள்ளே ஒரு வெள்ளை மெழுகுவர்த்தியை ஏற்றி மூடிவிடுவோம். ஆக்சிஜன் குறைந்து மெழுகுவர்த்தி தானாக அணையும்போது உள்ளே இருக்கும் கார்பன் டை ஆக்சைடும் ஈரமும் அதற்குப் போதும். விலை உயர்ந்த இன்குபேட்டர் இல்லாத லேபிலும் இதைச் செய்யலாம். ஏற்காட்டில் எடுத்த ஸ்வாபை நல்லெண்ணத்தோடு ஐஸ் பெட்டியில் வைத்து, இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கிக் கொண்டுவந்தால், பிசிஆருக்கு அது உதவும். கொனோரியா கல்ச்சருக்கு உதவாது. இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. சிப்ரோஃபிளாக்சசின் இந்தக் கிருமியிடம் நம் நாட்டில் எப்போதோ தோற்றுவிட்டது. கடைசி ஆயுதமான செஃப்ட்ரியாக்ஸோனுக்கும் அடங்காத கிருமியை ஜப்பானில் 2009-ல் கண்டார்கள். கசிவு கெட்டியாக, மஞ்சளாக இருந்து முதல் மருந்துக்கு அடங்காமல் போகிற ஒவ்வொருவருக்கும் கல்ச்சர் எடுக்க வேண்டும். உங்கள் பிசிஆர் பேனலில் (பல கிருமிகளை ஒன்றாகப் பார்க்கும் டெஸ்ட்) கொனோரியாவும் கிளமிடியாவும் நெகட்டிவ்தானா என்று ரிப்போர்ட்டை எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் மருந்துக்கு வருகிறேன். வளர்க்க முடியாத கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று அறிய ஒரு வழி இருக்கிறது: அதன் மரபணுவைப் படிப்பது. உங்கள் தொழிலில் வெள்ளியை உருக்கியும் தரம் பார்ப்பீர்கள், உருக்காமல் மெஷினில் வைத்தும் டச் பார்ப்பீர்கள் இல்லையா? மெஷின், தனக்குச் சொல்லிக்கொடுத்ததை மட்டும்தான் காட்டும். ஆனால் அவசரத்துக்கு அது போதும். மரபணு டெஸ்ட்டும் அப்படித்தான். அஜித்ரோமைசின் போய் ஒட்டுகிற இடம் கிருமியின் ரைபோசோமில், அதாவது அது புரதம் செய்யும் இடத்தில், இருக்கிறது. 23எஸ் என்ற மரபணுவில் 2058 அல்லது 2059 என்று எண் கொடுத்திருக்கும் இடத்தில் ஒரே ஒரு எழுத்து மாறிவிட்டால் மருந்து ஒட்டாது. கொனோரியா கிருமியிடம் இந்த மரபணு நான்கு பிரதி இருக்கிறது. ஒன்று மாறினாலும் மற்றவை மருந்துக்குக் கட்டுப்படும். ஜெனிடேலியத்திடம் இருப்பது ஒரே பிரதி. ஒரு எழுத்து மாறினால் கதை முடிந்தது.

நீங்கள் சாப்பிட்ட அஜித்ரோமைசின் இங்கேதான் வருகிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பாக்கெட், அநேகமாகச் சாம்பல் நிறக் கிட்: ஒரு கிராம் அஜித்ரோமைசினும் 400 மில்லிகிராம் செஃபிக்ஸிமும். கசிவோடு வருகிறவருக்குக் கொனோரியாவையும் கிளமிடியாவையும் மனதில் வைத்து அரசுத் திட்டத்தில் தருவது. முதல் நாளிலேயே, டெஸ்ட் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் வைத்தியம் தொடங்கும் நல்ல ஏற்பாடு அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஜெனிடேலியத்துக்கு ஒற்றை டோஸ் அஜித்ரோமைசின் பல சமயம் போதாது. பலவீனமானவை செத்து, எழுத்து மாறிய சில மட்டும் மிஞ்சிப் பெருகும். மூன்று வாரத்தில் உங்களுக்குத் திரும்பி வந்தது அப்படி மிஞ்சியதாக இருக்க நிறைய வாய்ப்பு. அதன் மேல் இன்னும் இரண்டு தடவை அதே மருந்து. தயவுசெய்து இனிமேல் அஜித்ரோமைசினைச் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள், கடைக்காரர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சரி.

தோல் டாக்டரிடம் போய் இரண்டு விஷயம் கேளுங்கள். பாசிட்டிவ் வந்த அதே மாதிரியில் ‘மேக்ரோலைட் ரெசிஸ்டன்ஸ் மியூட்டேஷன்’ (அஜித்ரோமைசின் வகை மருந்துக்கு அடங்காமல் செய்யும் எழுத்து மாற்றம்) பார்க்க முடியுமா என்பது ஒன்று. பல பேனல்கள் கிருமி இருக்கிறதா இல்லையா என்று மட்டுமே சொல்லும். ரெசிஸ்டன்ஸ் டெஸ்ட்டைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். மாதிரி மிச்சம் இல்லை என்றால் புதிதாகக் கொடுக்கலாம்: ஒரு மணி நேரமாவது சிறுநீர் போகாமல் இருந்து, முதலில் வரும் கொஞ்சத்தை மட்டும் பிடியுங்கள். யூரின் கல்ச்சருக்கு நடுவில் பிடிக்கச் சொல்வார்கள், இதற்கு நேர் எதிர். இரண்டாவது கேள்வி, டாக்ஸிசைக்ளினில் தொடங்கலாமா என்பது.

பல நாடுகளின் வழிகாட்டுதல் இன்று சொல்வது இதுதான். முதலில் டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை மாலை, ஏழு நாள். அது தனியாக எல்லோரையும் குணப்படுத்தாது, பத்தில் மூன்று நான்கு பேருக்குத்தான் கேட்கும். ஆனால் கிருமியின் எண்ணிக்கையை நன்றாகக் குறைத்துவிடும். எண்ணிக்கை குறையும்போது எழுத்து மாறியவை தப்பிப் பிழைக்கும் வாய்ப்பும் குறைகிறது. இடைவெளி விடாமல் அடுத்த மருந்து. ரெசிஸ்டன்ஸ் இல்லை என்று டெஸ்ட்டில் தெரிந்தால் நான்கு நாள் அஜித்ரோமைசின், முதல் நாள் ஒரு கிராம், அடுத்த மூன்று நாள் 500 மில்லிகிராம். ரெசிஸ்டன்ஸ் இருந்தால், அல்லது டெஸ்ட்டே கிடைக்கவில்லை என்றால், மாக்ஸிஃபிளாக்சசின் 400 மில்லிகிராம் ஏழு நாள். மூன்று தடவை அஜித்ரோமைசின் சாப்பிட்ட உங்களுக்கு, டெஸ்ட் கிடைக்காத பட்சத்தில், என் ஓட்டு மாக்ஸிஃபிளாக்சசினுக்குத்தான். ஆனால் உங்களை நேரில் பார்த்து, இதயம், சர்க்கரை, வேறு மாத்திரை எல்லாம் கேட்டுச் சீட்டு எழுத வேண்டியவர் உங்கள் டாக்டர். இதை வைத்து நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போய்விடாதீர்கள். மாக்ஸிக்குப் பதிலாகச் சிப்ரோவையோ ஆஃப்லாக்சசினையோ யாராவது கொடுத்தால் வேண்டாம், அவை இதற்குப் போதாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு ஏதாவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். மாக்ஸிஃபிளாக்சசின் காசநோய்க்கும் முக்கியமான மருந்து. கண்டுபிடிக்காத காசநோயின் மேல் அதை ஒரு வாரம் கொடுத்தால், நோய் வெளியே தெரியாமல் மறைந்துகொள்ளும், மருந்துக்கு அடங்காமலும் போகலாம். டாக்ஸிசைக்ளினை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்து விழுங்குங்கள், உடனே படுக்காதீர்கள், தொண்டைக்குழாய் புண்ணாகிவிடும். பாலோடு வேண்டாம். வெயிலில் தோல் சிவக்கும். சேலம் வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம்.

மாக்ஸிஃபிளாக்சசினுக்கும் ரெசிஸ்டன்ஸ் வந்துகொண்டிருக்கிறது. பார்-சி என்ற மரபணுவைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம், ஆனால் 23எஸ் அளவுக்கு அது துல்லியமில்லை. நமக்குத் தெரிந்த எழுத்துகளை மட்டுமே மரபணு டெஸ்ட் தேடும். கிருமி புதிதாக ஒரு வழி கண்டுபிடித்தால், குடுவையில் வளர்த்துப் பார்ப்பவர்கள்தான் அதைச் சொல்ல முடியும். அதனால் மாதக்கணக்கில் ஆனாலும் அந்த வேலை எங்காவது நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நம் நாட்டிலும் கூடுதலான இடங்களில் நடக்க வேண்டும்.

மருந்து முடிந்ததும் அடுத்த நாளே டெஸ்ட் எடுத்துப் பணத்தை விடாதீர்கள். செத்த கிருமியின் டிஎன்ஏ-வையும் பிசிஆர் பிடித்துக்கொள்ளும். குறைந்தது மூன்று வாரம், முடிந்தால் ஐந்து வாரம் கழித்து எடுங்கள். அப்போதும் பாசிட்டிவ் என்றால் மினோசைக்ளின் போன்ற அடுத்த மருந்துகள் இருக்கின்றன. நெகட்டிவ் வந்த பிறகும் கொஞ்ச நாள் லேசான உறுத்தல் இருக்கலாம். கசிவு வருகிறதா என்று தினமும் அழுத்தி அழுத்திப் பார்க்கிற பழக்கம் பலருக்கு வந்துவிடுகிறது. அந்த அழுத்தலே கசிய வைக்கும், விட்டுவிடுங்கள். எச்.ஐ.வி.-யும் சிஃபிலிஸும் இன்னும் பார்க்கவில்லை என்றால், அரசு ஆஸ்பத்திரியின் நம்பிக்கை மையத்தில் கேளுங்கள். எச்.ஐ.வி. டெஸ்ட் அங்கே இலவசம், விவரம் வெளியே போகாது.

தம்பி, மனைவியிடம் சொல்லியாக வேண்டும். அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை என்பது கிருமி இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. பெண்களிடம் இது பெரும்பாலும் சத்தமே போடாது. கருப்பை, கருக்குழாய் வரை ஏறினால் குழந்தை தங்குவதில் சிக்கல் வரலாம். அவர் இந்த வாரம் கீழே வரும்போதே டெஸ்ட் கொடுக்கலாம், பஞ்சுக் குச்சியால் அவரே மாதிரி எடுத்துக்கொள்ளவும் முடியும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எப்போது வந்தது என்று எந்த டெஸ்ட்டும் சொல்லாது. இந்தக் கிருமி மாதக்கணக்கில், சிலரிடம் அதற்கு மேலும் அமைதியாக இருக்கும். எப்படிச் சொல்வது என்று தயக்கமாக இருந்தால் இருவருமாக டாக்டரிடம் போங்கள், அவர் முன்னால் பேசுவது சுலபம். இருவருக்கும் நெகட்டிவ் ஆகும்வரை ஆணுறை வேண்டும். உங்களுக்கு எழுதிய மாத்திரையை அவருக்குப் பங்கு கொடுக்காதீர்கள். கல்யாணமாகி ஒன்றரை வருடம் என்கிறீர்கள். கர்ப்பத்தில் டாக்ஸிசைக்ளினும் கூடாது, மாக்ஸிஃபிளாக்சசினும் கூடாது. அவருக்கு மாதவிலக்கு ஒரு நாள் தள்ளிப் போயிருந்தாலும் முதலில் எடுக்க வேண்டியது கர்ப்ப டெஸ்ட், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.